முத்துமீனாவின் பெயர் ஒட்டிய குழாய்

வியாழக்கிழமை சாயங்காலம் வந்த போன், சனிக்கிழமை விடிகிற வரைக்கும் அந்த வீட்டில் யாரையும் நிம்மதியாகச் சோறு தின்ன விடவில்லை.

அலங்காநல்லூருக்கு மேற்கே வாய்க்கால் ஓரத்து வீடு. அண்ணன் தம்பி இரண்டு குடும்பம், ஒரே வாசல், இரண்டு அடுப்பு. மூத்தவன் சுருளி கரும்பு வெட்டுக்குப் போகிறவன். அவன் மனைவி பாண்டிச்செல்வி. இளையவன் சிவபாண்டி சொந்தமாகக் குட்டியானை வண்டி வைத்து லோடு அடிக்கிறவன். அவன் மனைவி முத்துமீனா.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பெண்கள் முப்பத்தேழு பேர் மாதிரி கொடுத்தார்கள். முப்பத்தைந்து பேருக்கு ஒன்றுமில்லை. மீதி இரண்டு பேரும் இந்த ஒரே வீட்டுக்காரிகள்.

"ரெண்டு பேருக்கும் கிருமி இருக்குன்னு வந்திருக்கு. கிருமின்னா புற்றுநோய்னு அர்த்தம் இல்ல. சனிக்கிழமை மதுரைக்கு வந்துருங்க. பயப்பட வேண்டாம், ஆனா வராம இருந்துறாதீங்க" என்று போனில் நர்ஸ் சொன்னாள்.

அதில் ஆண்கள் இரண்டு பேருக்கும் தெரியாத ஒன்று, பெண்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு குழாயிலும் இருந்தது பாண்டிச்செல்வியுடையதுதான்.

அன்றைக்கு முகாமில் ஆளுக்கு ஒரு சின்ன பிரஷ்ஷும், பெயர் ஒட்டிய குழாயும் கொடுத்தார்கள். கழிப்பறைக்குள் தனியாகப் போய், பிரஷ்ஷை முட்டுகிற வரைக்கும் உள்ளே விட்டு, ஐந்து சுற்றுச் சுற்றி, குழாயில் போட்டு மூடிக் கொடுக்க வேண்டும். யாரும் பார்க்கப் போவதில்லை, யாரும் தொடப் போவதில்லை. முத்துமீனா உள்ளே போனாள். போன வேகத்தில் வெளியே வந்தாள். உறை கூடப் பிரிக்கவில்லை.

"எனக்கு என்னமோ மாதிரி இருக்குக்கா. என்னுதையும் சேத்து நீங்களே குடுத்துருங்க."

பாண்டிச்செல்வி ஏன் என்று கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கேட்கத் தோன்றாததற்குக் காரணம் இருந்தது. நடவிலும் களையெடுப்பிலும் ஆளுக்கு ஒரு நிரை. தன் நிரையைத் தான் முடித்துக் கரையேற வேண்டும். வில்லாபுரத்தில் பிறந்து, சேற்றில் கால் வைத்தறியாத முத்துமீனா கல்யாணமாகி வந்த வருஷம், பாதி நிரையில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாண்டிச்செல்வி தன் நிரையை முடித்துவிட்டு எதிர்ப்பக்கம் இருந்து அவள் நிரையையும் நட்டுக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு அதுவே வழக்கமானது. வரப்பில் நிற்கிறவனுக்கு நாற்று ஊன்றியிருக்கிறதா என்பதுதான் கணக்கு. யார் கை ஊன்றியது என்று அவன் கேட்பதில்லை.

முகாமிலும் யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை. தெருக் குழாயடியில் சிவபாண்டி குடத்தோடு நின்றான். பதினாலு வருஷத்தில் அவன் இடுப்பில் குடத்தை யாரும் பார்த்ததில்லை.

"என்ன சிவா, இன்னைக்குத் தண்ணி லோடா?" என்று கேட்டாள் எதிர்வீட்டு ராமக்காள்.

"அவளுக்கு முடியலக்கா."

"இம்புட்டு நாளா அவளுக்கு முடிஞ்சுச்சா?"

சிவபாண்டி குடத்தைத் தூக்கினான். பாதித் தண்ணீர் அவன் லுங்கியில் கொட்டியது.

உள்ளே முத்துமீனா பாண்டிச்செல்வியின் காதோரம் வந்தாள்.

"நேத்து என் தலையைப் பின்னி விடட்டுமான்னு கேக்குறாருக்கா. சிரிக்கவும் முடியல, அழுகவும் முடியல."

"கெடைக்கிற வரைக்கும் அனுபவிச்சுக்க. விசயம் தெரிஞ்சா அந்தக் குடத்தை உன் தலையில கவுத்துவான்."

"நான் அங்க வந்து என்னக்கா செய்ய?"

"சும்மா தொணைக்கு வா. எனக்கு அந்த ஊர்ல ரோட்டைத் தாண்டத் தெரியாது. கிருமி எனக்கு. ஒண்ணுக்கு ரெண்டு தடவை சொல்லிட்டாக, அதுல சந்தேகமே இல்ல. உன் பேரைக் கூப்பிட்டா, அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டான்னு நான் சொல்லிக்கிறேன்."

முத்துமீனாவின் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்க்கப் பாண்டிச்செல்விக்கும் சந்தோஷமாக இருந்தது.

வாசலில் சுருளி அரிவாளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றினதையே அவிழ்த்து மறுபடியும் சுற்றினான்.

"செல்வி."

"ம்."

"அது புருசன் பொஞ்சாதி சேர்க்கையில வர்ற கிருமின்னு சொன்னாகளாமே."

"ஆமா."

"நான் கேரளாவுல எட்டு வருசம் கெடந்தேன்."

அதற்கு மேல் அவன் சொல்லவில்லை. அந்த எட்டு வருஷத்தைப் பற்றி அவளும் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்கிற நேரம் இது இல்லை என்று பையைத் தோளில் மாட்டினாள். நாலு எட்டு வைத்தவள் திரும்பினாள்.

"அந்தக் கொழம்பு நேத்தையது. சூடு பண்ணாம ஊத்தித் தின்னாதீக."

சுருளி தலையை ஆட்டினான். அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அரிவாளைச் சுற்றியபடியே நின்றான்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. முத்துமீனா ஜன்னல் ஓரம். கண்டக்டர் மகளிர் சீட்டு இரண்டைக் கிழித்து நீட்டிவிட்டுப் பின்னால் போனார். சிக்கந்தர் சாவடி தாண்டியதும் முத்துமீனா மெல்லச் சொன்னாள்.

"எறங்குனதும் மொதல்ல பாத்ரூம் எங்கன்னு பாக்கணும்க்கா."

பாண்டிச்செல்வி அவள் மடியில் இருந்த பையைப் பார்த்தாள். தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் மடித்த துணி இருந்தது. ஒன்றல்ல, மூன்று.

"போன வாரந்தானடி நீ வீட்டுக்குத் தூரம்?"

"சூடுக்கா."

"எத்தனை நாளா?"

"சும்மா அப்பப்ப."

"மீனா."

முத்துமீனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அவரு பக்கத்துல வந்தா மறுநா படுது. சித்திரையில இருந்து. வெந்தயம் ஊறப்போட்டுக் குடிக்கிறேன். நல்லெண்ணெ தேச்சுக் குளிக்கிறேன். நாலு நா நிக்குது, மறுபடி வந்துருது."

இப்போது ஆவணி. பாண்டிச்செல்வி மனசுக்குள் மாதங்களை எண்ணினாள்.

"அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல, அதான் வெளிய வந்துட்டியா?"

"அந்தப் பிரஷ்ஷை உள்ள விட்டு, அது ரத்தத்தோட வந்துச்சுன்னா? அதை நானே பாக்கணும்ல?"

வெட்கம் என்று நினைத்திருந்தாள் பாண்டிச்செல்வி. அன்றைக்கு அவள் கையிலிருந்து குழாயை வாங்கும்போது, பட்டணத்துப் பிள்ளை, கூச்சப்படுகிறாள் என்றுதான் நினைத்தாள். அது கூச்சம் இல்லை, பயம். பயந்தவள் கையில் இருந்ததை வாங்கிக்கொண்டு, பயத்தை அவளிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா அதையும் நீங்க தூக்கித் தலையில வச்சுக்குவீக."



பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார்கள். கழிப்பறைக்குப் போய் வந்த முத்துமீனா, ஆஸ்பத்திரிப் பக்கம் நடக்காமல் வில்லாபுரம் பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள்.

"எங்கடி?"

"எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டுச் சாயங்காலம் வாரேன். அம்மா வீட்டுக்குப் போயிட்டான்னு நீங்கதான சொல்லிக்கிறேன்னீக. பொய் சொன்ன பாவம் ஏன் உங்களுக்கு? நெசமாவே போயிர்றேன்."

"சொன்னேன். இப்பச் சொல்ல மாட்டேன்."

"அக்கா, ஒருக்க மட்டும். எனக்கும் சேத்து நீங்களே படுத்துருங்க."

சொல்லும்போது சிரிக்கத்தான் பார்த்தாள். வாய் கோணிக்கொண்டது.

"படுத்துருவேன்" என்றாள் பாண்டிச்செல்வி. "உனக்கு ரத்தம் நிக்காதே."

வில்லாபுரம் பஸ் வந்து நின்றது. முத்துமீனா ஏறவும் இல்லை, நகரவும் இல்லை. அவள் கையைப் பிடித்து இழுத்துப் போய்விடலாம். பதினாலு வருஷமாக அப்படித்தான். பாண்டிச்செல்வி இழுக்கவில்லை. ரோட்டோரம் போய் நின்றாள். பஸ்ஸும் ஆட்டோவும் பைக்கும் இடைவெளி விடாமல் வந்துகொண்டிருந்தன. ஒரு கால் வைத்தாள், எடுத்தாள். இன்னொரு தடவை வைத்தாள். ஒரு பைக்குக்காரன் திட்டிவிட்டுப் போனான்.

"அங்கன நில்லுங்க. செத்துத் தொலைக்கப் போறீக" என்று பின்னால் குரல் வந்தது.

முத்துமீனா வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மறு கையை நீட்டி வண்டிகளை நிறுத்திக்கொண்டே கூட்டிப்போனாள். ரோட்டைத் தாண்டின பிறகும் அவள் விடவில்லை. பாண்டிச்செல்வியும் விடச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில், போனில் பேசிய நர்ஸ் தமிழ்ச்செல்விதான் மேசைக்குப் பின்னால் இருந்தாள். பாண்டிச்செல்வி நினைத்ததைவிடச் சின்ன வயசு.

"பாண்டிச்செல்வி, முத்துமீனா. ரெண்டு பேரும் ஒரே வீடா? உக்காருங்க."

பாண்டிச்செல்வி உட்காரவில்லை.

"ஒரு தப்பு நடந்துபோச்சு சிஸ்டர். இவ பேரு ஒட்டின குழாயில இருந்தது இவளோடது இல்ல. அதுலயும் நாந்தேன்."

தமிழ்ச்செல்வி பேனாவைக் கீழே வைத்தாள்.

"ரெண்டுலயுமே நீங்களா?"

"ரெண்டுலயும்."

"ஒரே ஆளு ரெண்டு தடவை எடுத்தீங்களா?"

"அஞ்சு சுத்துச் சொன்னாக. பத்துச் சுத்து ஆயிப்போச்சு."

தமிழ்ச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கினாள். அப்புறம் முத்துமீனாவைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"அப்ப உங்களை இன்னும் யாரும் பாக்கவே இல்ல."

முத்துமீனா தலையைக் குனிந்துகொண்டாள். பாண்டிச்செல்வி குனிந்து, சித்திரையில் இருந்து நடப்பதை நர்ஸின் காதில் சொல்ல வாயெடுத்தாள். அவள் முந்தானையைப் பின்னால் இருந்து முத்துமீனா இழுத்தாள். பிறகு அவளே சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டு, துண்டு துண்டாக. தமிழ்ச்செல்வி குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டாள்.

"சூடுன்னு நெனைச்சேன் சிஸ்டர்."

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. சேர்க்கைக்குப் பெறகு ரத்தம் பட்டா அது சூடு இல்ல. என்னன்னு பாக்கணும். பாத்தா ஒண்ணுமில்லாமக்கூடப் போகலாம், ஆனா பாக்கணும்." அப்புறம் பாண்டிச்செல்வியின் பக்கம் திரும்பினாள். "அக்கா, நான் திட்டல. ஒண்ணு மட்டும் யோசிச்சுப் பாருங்க. உங்களுக்குக் கிருமி இல்லாம இருந்திருந்தா, இவங்க பேருக்கும் ஒண்ணுமில்லன்னு தாள் வந்திருக்கும். அந்தத் தாளைப் பெட்டியில வச்சுக்கிட்டு இவங்க வீட்டுலயே இருந்திருப்பாங்க."

பாண்டிச்செல்விக்கு அப்போதுதான் உட்காரத் தோன்றியது. உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் உடம்புக்கு வந்த காய்ச்சலும் வலியும் யாருக்கும் ஒரு உபகாரம் செய்ததில்லை. இந்தக் கிருமி செய்திருக்கிறது. சாமிக்கு நன்றி சொல்வதா, கிருமிக்குச் சொல்வதா என்று தெரியவில்லை.

"சிஸ்டர், இது எப்ப வந்துச்சுன்னு சொல்ல முடியுமா?"

"முடியாதுக்கா. கல்யாணமான புதுசுல வந்திருக்கலாம், போன வருசமும் வந்திருக்கலாம். குடும்பம் நடத்துறவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு ஒரு தடவையாவது வரும், தானாப் போயிரும். சிலருக்குப் போகாம அங்கேயே ஒட்டிக்கிடும். அது புத்துநோயா மாற பத்து, பதினஞ்சு வருசம் எடுக்கும். அதுக்குள்ள பாத்துட்டா அங்கனயே நிறுத்திரலாம். யாருகிட்ட இருந்து வந்துச்சுன்னு தேடிப் புண்ணியம் இல்ல. வீட்டுக்காரரு கேட்டாரா?"

"கேக்கல. அவரே அவரைக் கேட்டுக்கிட்டாரு."

"சொல்லிருங்க அவர்கிட்ட."

"சொல்றேன். ரெண்டு நா போகட்டும்" என்றாள் பாண்டிச்செல்வி.

இந்தத் தடவை தமிழ்ச்செல்வி சிரிப்பை அடக்கவில்லை. படிவத்தை நிரப்பிக்கொண்டே முத்துமீனாவுக்குப் பெண் பிள்ளை உண்டா என்று கேட்டாள். பதினொரு வயசில் ஒருத்தி இருக்கிறாள் என்றதும், அந்த வயசுக்கு இந்தக் கிருமி வராமல் தடுக்க ஊசி இருக்கிறது, போகும்போது விவரம் எழுதித் தருகிறேன் என்றாள். முத்துமீனா முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பாண்டிச்செல்வியைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா விளக்கைப் பக்கத்தில் இழுத்து, புளித்த காடி வாசம் அடிக்கிற மருந்தைத் தடவினார். நோயுள்ள இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியுமாம். தெரிந்தது. நெல்மணி அளவு. இன்னும் புற்று ஆகவில்லை, ஆக விடாமல் இப்போதே சுட்டுவிடலாம் என்றார். ஒரு நிமிஷத்துக்குமேல் ஆகவில்லை. அடிவயிற்றை யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி வலித்து, விட்டது.

"ஒரு மாசத்துக்கு வெயிட் தூக்காதீங்க. வீட்டுக்காரர்கிட்டத் தள்ளி இருங்க. அடுத்த வருசம் இதே மாசம் வந்து காட்டிட்டுப் போகணும்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான். நேரத்தோட வந்தா அம்புட்டுத்தான்."

அடுத்து முத்துமீனா. திரை மூடியது.

பாண்டிச்செல்வி வெளியே பெஞ்சில் இருந்தாள். தனக்கு ஆன நேரம் ஆயிற்று. அதைப் போல இன்னொரு மடங்கும் ஆயிற்று. உள்ளே தட்டில் இரும்புச் சாமான் வைக்கிற சத்தம் கேட்டது. டாக்டரம்மா தமிழ்ச்செல்வியிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். பாண்டிச்செல்வி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அக்கா" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

"இங்கனதான் நிக்கிறேன்."

"போயிறாதீக."

"ரோட்டைத் தாண்டத் தெரியாதுடி எனக்கு. எங்க போவேன்?"

உள்ளே ஒரு மூச்சு. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

வெளியே வந்த டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "கர்ப்பப்பை வாயில ஒரு புண்ணு இருக்கு. அதுலருந்து துளி சதை எடுத்து அனுப்புறோம். பன்னெண்டு நாள் கழிச்சு, வியாழக்கிழமை ரிப்போர்ட் வரும்."

"வெறும் புண்ணா இருக்குமா டாக்டர்?" என்று கேட்டாள் முத்துமீனா.

"இருக்கலாம்."

"அது இல்லாமலும் இருக்கலாமா?"

"இருக்கலாம். இருந்தாலும் வைத்தியம் இருக்கு. நானா எதுவும் இப்பச் சொல்ல மாட்டேன், நீங்களும் வீட்டுல உக்காந்து நீங்களா ஒண்ணு முடிவு பண்ணிக்காதீங்க."

முத்துமீனா தலையை ஆட்டினாள். கையில் கொடுத்த சீட்டை நாலாக மடித்தாள். பாண்டிச்செல்வி வழக்கம்போல வாங்கி வைத்துக்கொள்ளக் கையை நீட்டினாள். முத்துமீனா அதைக் கவனிக்காமல் தன் பர்சுக்குள் வைத்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் சிவபாண்டியின் குட்டியானை நின்றது. வரவேண்டாம் என்று இரண்டு பேரும் சொல்லியிருந்தார்கள். பின்னால் முழு வெங்காய லோடு. மார்க்கெட்டில் இறக்க வேண்டியதை இறக்காமல் நேராக இங்கே வந்திருக்கிறான். கையில் சீவின இளநீர் இரண்டு வைத்துக்கொண்டு, எதைக் கீழே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"என்ன சொன்னாக மதினி? இவளுக்கு என்னவாம்?"

அவன் மதினியைத்தான் கேட்டான். அந்த வீட்டில் முத்துமீனாவின் காரியம் எதுவானாலும் மதினியிடம் கேட்பதுதான் பழக்கம். பாண்டிச்செல்விக்கு வார்த்தை தயாராக இருந்தது. எதை முதலில் சொன்னால் அவனுக்குக் கோபம் வராது, எதைக் கடைசியில் சொன்னால் பதற மாட்டான் என்று படி இறங்கும்போதே அடுக்கி வைத்திருந்தாள்.

அவள் முத்துமீனாவைப் பார்த்தாள். முத்துமீனாவும் அவளைப் பார்த்தாள்.

"அவகிட்டக் கேளு தம்பி" என்றாள் பாண்டிச்செல்வி. ஒரு இளநீரை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, வண்டியின் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கண்ணாடி வழியாகச் சத்தம் கேட்டது.

"அன்னைக்குக் குழாயில குடுத்தது நான் இல்லங்க. அக்காவைக் குடுக்கச் சொல்லிட்டேன்."

சிவபாண்டிக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"அப்ப உனக்கு ஒண்ணுமில்லயா? ஏய், இதைச் சொல்றதுக்கு என்னடி? மூணு நாளா நான் பட்ட பாடு..."

"இருங்க. இன்னும் சொல்லி முடிக்கல."

முடித்தாள். சித்திரை, வெந்தயம், துணி, புண், துளிச் சதை, பன்னிரண்டு நாள். அவன் முகத்தில் வந்த மலர்ச்சி ஒவ்வொரு சொல்லுக்கும் இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டே சொன்னாள். பார்வையை மாற்றவில்லை.

பாண்டிச்செல்வி கதவின் கைப்பிடியில் கை வைத்தாள். அவன் கத்தினால் இறங்கிவிடலாம்.

சிவபாண்டி கத்தவில்லை. இளநீரை அவள் கையில் கொடுத்தான்.

"வலிக்குதா?"

சித்திரையில் இருந்து யாரும் முத்துமீனாவிடம் கேட்காத கேள்வி. அவள்தான் யாருக்கும் கேட்க இடம் கொடுக்கவில்லை.

"வலிக்குது" என்றாள்.

அவன் சட்டைப் பையில் இருந்து போனை எடுத்தான். மார்க்கெட்டில் லோடுக்காகக் காத்திருக்கும் செல்வக்குமார்தான் மறுமுனையில்.

"மாப்ள, லேட்டாகும், பொறு. இன்னொன்னு கேட்டுக்க. அடுத்த வாரத்துக்கு அடுத்த வியாழக்கிழமை என் வண்டி லோடுக்கு வராது. எத்தனை ரூவா குடுத்தாலும் வராது. எதுக்கா? அன்னைக்கு என் பொண்டாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாரேன்."